ஸ்பிரிங்கை அமுக்க ஒரு கை

என் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், அங்கு நீ நலமா என்று முதல் வரியை எழுதி அடித்துவிட்டேன், மேலே மை தீற்றியிருப்பது அதுதான். நலம் என்று எழுதினால் பொய், உன்னிடம் சொன்ன பொய்யே இந்த ஜென்மத்துக்குப் போதும். எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், நம் நாற்காலிப் பட்டறைக் கதவைத் திறக்கிறேன், சாயங்காலம் மூடுகிறேன், அவ்வளவுதான் என் நலம். நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், அதை மட்டும் கடவுளிடம் கேட்கிறேன். சாப்பிட்டாயா என்று கேட்க வாய் வருகிறது, கேட்க மாட்டேன்.

நீ போய் இன்றோடு முப்பத்தெட்டு நாள். வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, செருப்பைக் காலில் நுழைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாயே, "அஞ்சு மாசம்மா. அஞ்சு மாசமா தினமும் போன்ல சாப்டியா சாப்டியான்னு கேட்ட. ஒரு நாள்கூட உனக்கு அதைச் சொல்ல வாய் வரலையா" என்று, அந்த இடத்திலேயே நான் இன்னும் நிற்கிறேன். அப்பா கண் மூடி இரண்டாம் நாள் வந்து சேர்ந்தாய், நான்கு நாள் இருந்தாய், என்னோடு பேசியது அந்த ஒன்றுதான். அதற்கப்புறம் நான் போட்ட போன் எதையும் நீ எடுக்கவில்லை, மணி அடித்து அடித்து அதுவாக நின்றுபோகும் வரை காதிலேயே வைத்திருக்கிறேன். எடுத்தாலும் நான் அழுவேன், நீ வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். மாவு மில்காரர் மருமகன் வியாழக்கிழமை உன் ஊருக்கு விமானம் ஏறுகிறார், தபாலில் போட்டால் பத்து நாள், அவர் கையில் கொடுத்தால் சனிக்கிழமை உன்னிடம் வந்துவிடும். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு, எழுத்துப் பிழை இருக்கும், பொறுத்துக்கொள். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி. என்ன கேட்கப் போகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மறைத்து மறைத்துத்தான் இந்தக் கதிக்கு வந்திருக்கிறேன். பதினெட்டாம் தேதிக்குள் நீ இங்கே வர வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ஐந்து மாதத்தைச் சொல்ல வேண்டும், ஒன்றையும் விடாமல். டாக்டரம்மாவை உனக்குத் தெரியும், நீ பிறந்தபோது என் பக்கத்தில் நின்ற அதே டாக்டரம்மாதான், இப்போது எண்பத்திரண்டு வயது. தன் தாத்தா காலத்து நாற்காலியைப் பார்க்கச் சொல்லி அப்பாவை வரச் சொன்னார். அப்பா குனிந்து நாற்காலியின் அடியைப் பார்த்திருக்கிறார், அந்த அம்மா குனிந்து அப்பாவின் கண்ணைப் பார்த்திருக்கிறார். "நாற்காலி கெடக்கட்டும், நீ இப்படி வெளிச்சத்துக்கு வாப்பா, கண்ணு ஏன் இவ்ளோ மஞ்சளா இருக்கு" என்று கேட்டாராம். ஆஸ்பத்திரிச் சீட்டையும் நாற்காலியையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார் உங்க அப்பா. கல்லீரல் என்றார்கள், முற்றிப்போச்சு என்றார்கள், "குடிக்காதவனுக்கும் இது வருமா சார்" என்று இவர் கேட்டார், வரும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலமே உனக்குப் போன் போட எடுத்தேன், நம்பு, எடுத்தேன். பிடுங்கிவிட்டார். என் கையை இழுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து அமுக்கிக்கொண்டு, "அவ இப்பத்தான் அவ்ளோ தூரம் போய்த் தையல் மெஷின்ல உக்காந்திருக்கா. சொன்னா ஓடி வருவா. வந்தா திரும்பப் போக மாட்டா, இந்தத் தூசிக்குள்ளயே கெடந்து இருமிட்டு இருப்பா. என் மேல சத்தியமா நீ சொல்லக் கூடாது" என்றார். உயிர் போகப்போகிறவன் தன் மேலேயே சத்தியம் வாங்குகிறான், அதை எப்படி மீறுவது என்று எனக்குத் தெரியவில்லை பாப்பா. மீறியிருக்க வேண்டும். டாக்டரம்மா இரண்டு தடவை ஆள் விட்டுச் சொன்னார், பொண்ணுக்குச் சொல்லிடு, அப்புறம் அவ முகத்துல முழிக்க முடியாது என்று. அந்த ஆளிடம், சொல்லிட்டேன்னு சொல்லுங்க என்று அங்கேயும் ஒரு பொய் சொன்னேன்.

நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பாகிட்ட குடு என்பாய், நான், "அப்பா வாயில ஆணி இருக்கு, வேலையா இருக்காரு, அப்புறம் பேசுவாரு" என்பேன். முப்பது வருஷமாக அது உண்மைதான். கை நிறையச் சின்ன ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளி, காந்தச் சுத்தியின் முனையில் ஒட்ட வைத்து அடிப்பாரே, அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் ம்ம் என்பதுதான் பதில். கல்யாணமான புதிதில் நான் சண்டை பிடித்தால் எழுந்து போய் ஆணியை வாயில் போட்டுக்கொள்வார், நீயே சிரித்திருக்கிறாய், உன்னை எக்ஸ்ரே படம் புடிச்சுப் பார்த்தா வயித்துல ஒரு படி ஆணி இருக்கும்ப்பா என்பாய். கடைசி இரண்டு மாதம் அந்த ஆணி பாதி நாள் பொய். குரல் போய்விட்டது அவருக்கு, பேசினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயம். நான் உன்னிடம் ஆணி என்று சொல்லும்போது அவர் என் எதிரே வெறும் வாயோடு கட்டிலில் உட்கார்ந்து போனில் வருகிற உன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். நீ வைத்த பிறகு, "சின்ன முதலாளி குரல்ல சளி கட்டியிருக்கு, வெந்நி குடிக்கச் சொல்லு" என்பார், கடைசிவரை அவருக்கு நீ சின்ன முதலாளிதான். அடுத்த நாள் நான் உன்னிடம் வெந்நீர் குடி என்று சொன்னது அவர் சொன்னதுதான். இதைச் சொன்னால் உனக்கு இன்னும் கோபம் வரும். வரட்டும், ஆனால் அது உன்னுடையது, நான் வைத்துக்கொள்ளக் கூடாது.

இனி நாற்காலி. மூன்று வாரத்து வேலை, அப்பா ஐந்து மாதம் செய்தார். உயரமான முதுகு, இரண்டு பக்கமும் கை, கருங்காலி மரமோ என்னவோ, இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அசையும். உளியையும் மரக் கொட்டாப்புளியையும் வைத்துப் பழைய ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கவே பத்து நாள் ஆனது, நடுநடுவே போய்ப் படுத்துக்கொள்வார். உள்ளே குதிரை முடி, நூறு வருஷத்து முடி, வெளியே எடுத்தால் இன்னும் சுருண்டு சுருண்டு நிற்கிறது. அதை நான் அலசி மொட்டை மாடியில் காயப் போட்டுக் கையால் பிரித்து வைத்தேன். ஆட்டம் கண்ட காலை வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றி இறுக்கிக் கட்டினார். அடியில் பட்டை நாடாவை இழுத்துக் குறுக்கும் நெடுக்கும் அடித்து, அதன் மேல் ஒன்பது ஸ்பிரிங்கை நிறுத்தித் தைத்தார். அந்த ஒன்பதையும் மூன்று வரிசையாகக் கயிற்றால் கட்ட வேண்டும், உனக்கு நான் சொல்லவா, பத்து வயதிலிருந்து நீதானே அமுக்கினாய். ஒருவர் ஸ்பிரிங்கை அளவுக் குச்சியில் செதுக்கிய வெட்டு வரைக்கும் அமுக்கிப் பிடிக்க, இன்னொருவர் தேன்மெழுகு தேய்த்த கயிற்றை ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் முடிந்து இழுத்துச் சட்டத்தில் ஆணி அடிக்க வேண்டும். நீ வெளியூர் வேலைக்குப் போன பிறகு அமுக்குகிற வேலை எனக்கு வந்தது. அப்பா ஒரு நாளும் குறை சொன்னதில்லை, ஆனால் வருகிறவர்களிடம் எல்லாம், "சின்ன முதலாளி கைக்குக் குச்சியே வேணாம், கண்ணை மூடிட்டு அமுக்கினாலும் அளவு சரியா நிக்கும்" என்பார். நான் பக்கத்தில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மூன்று வரிசையையும் கட்டி முடித்தார், குறுக்குக் கயிறு கட்டுவதற்குள் படுத்துவிட்டார். காரியத்துக்கு வந்து நீ திரும்பிப் போன பிறகு பத்து நாள் நான் பட்டறைப் பக்கமே போகவில்லை. பதினோராம் நாள் உன் சித்தப்பா வந்து கதவைத் திறந்தார். அவரை ஊரே ஸ்டேப்ளர் என்று கூப்பிடுகிறது, அது அவருக்குப் பெருமை. நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, இதுக்குப் போயி எதுக்கு இவ்ளோ கயிறு. ஸ்பிரிங்கைக் கழட்டிட்டு நாலு இஞ்சு ஃபோம், மேல ஒரு வெல்வெட்டு, டப்பு டப்புன்னு அம்பது பின், மத்தியானத்துக்குள்ள முடிச்சு வீட்ல எறக்கிடலாம். நூறு வருஷத்து நாற்காலிக்கு ஃபோம் வச்சா போலீஸா புடிக்கும்" என்றார். உங்கண்ணன் ஆரம்பிச்சதை நான் அப்படி முடிக்க மாட்டேன் என்றேன். "அண்ணன் மட்டும் அஞ்சு மாசமா முடிச்சாரா" என்று சொல்லிவிட்டு உடனே தன் வாயிலேயே தான் அடித்துக்கொண்டார், பின் அடிக்கிற அந்த இரும்பைக் கீழே வைத்துவிட்டு அப்பா உட்காரும் முக்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்தது அதுதான்.

குறுக்குக் கயிறு கட்டும் முன்னால் அப்பா என்ன செய்வார் என்று உனக்கு ஞாபகம் இருக்கும், ஸ்பிரிங் மேல் பலகையை வைத்து, பலகை நடுவில் டம்ளர் நிறையத் தண்ணீர் வைப்பார், ஒரு சொட்டு சிந்தினாலும் கயிற்றை அறுத்துவிட்டுத் திரும்பக் கட்டுவார். நானும் வைத்தேன். வைத்துக் கையை எடுக்கக்கூட விடவில்லை, டம்ளர் இடது பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் முழுக்கப் பட்டை நாடா மேல் கொட்டியது. குச்சியை எடுத்து ஒவ்வொரு ஸ்பிரிங்காக அளந்தேன். இடது ஓர வரிசை, டாக்டரம்மா எழுந்திருக்கக் கையூன்றும் பக்கம், அதை அப்பா முதலில் கட்டினார், மூன்றும் வெட்டில் அச்சாக நிற்கிறது. நடு வரிசை ஒரு விரல் அளவு தூக்கல். வலது ஓரம், கடைசியாகக் கட்டியது, மூன்றும் இரண்டு விரல் தூக்கலாக, ஒன்றுக்கொன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறது. வரிசையைப் பார்த்தாலே அவர் உடம்பு எப்படிப் போனது என்று தெரிந்தது, மூன்று மாத ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்ததுபோல. கையில் பலமில்லாமல் கட்டியிருக்கிறாரே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, முடியலடின்னு சொல்லியிருந்தால் வேண்டாம் என்று இழுத்துக்கொண்டு போய்ப் படுக்க வைத்திருப்பேனே என்று அந்த நாற்காலியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு முடிச்சைப் பார்த்தேன். முப்பது வருஷம் பார்த்த முடிச்சு, கட்டத் தெரியாவிட்டாலும் பார்க்கத் தெரியும். விரலால் நெம்பினேன், அசையவில்லை. கடைசி வரிசையில் மூன்று முடிச்சும் கல் மாதிரி இருக்கிறது பாப்பா, அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கயிறு தளரவில்லை, ஸ்பிரிங் அளவு வரைக்கும் கீழே போகாமலேயே கட்டப்பட்டிருக்கிறது. அமுக்கினவள் சரியாக அமுக்கவில்லை. அமுக்கினவள் நான்.

அந்த மத்தியானம் அப்படியே கண் முன்னால் வந்துவிட்டது. காலையிலிருந்து படுத்திருந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்து, "வா, மூணாவது வரிசையை முடிச்சிடுவோம்" என்றார். வாயில் ஆணி போட்டுக்கொண்டார், அன்று நிஜமான ஆணி. நான் ஸ்பிரிங்கில் கை வைக்கிறேன், உன் போன் வருகிறது. எடுப்பதற்குள் நின்றுவிட்டது. இடது கையில் போனை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஸ்பிரிங்கைப் பிடித்தபடி, "இப்பவாவது சொல்லிடவா, சொல்லிடறேனே" என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது, நான் ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை, அவர் முகத்தையே முறைத்துக்கொண்டு நின்றேன், மூன்று ஸ்பிரிங்குக்கும் அப்படித்தான் நின்றேன். குச்சி அவர் கையில் இருந்தது. அதை ஸ்பிரிங் பக்கத்தில் வைத்தார், பார்த்தார், கீழே வைத்தார், கட்டினார். அவர் பார்த்தார் பாப்பா. ஒரு நூல் அளவு தவறினால் வரிசையையே அறுத்துப் போடுகிற மனுஷன், இரண்டு விரல் தூக்கலைப் பார்த்துவிட்டு, வாயில் இருக்கிற ஆணியைத் துப்பிவிட்டு, ஏய் நல்லா அமுக்கு என்று ஒரு அதட்டல் போட்டிருக்கலாம். போடவில்லை. என் மேல் இரக்கமா, இனி சொல்லி என்ன என்ற சலிப்பா, திரும்ப அறுத்துக் கட்டத் தெம்பில்லையா, அப்புறம் ஒரு நாள் கட்டிக்கலாம் என்று நினைத்தாரா. இருபது நாளாக இதையேதான் யோசிக்கிறேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் தெரியவில்லை, தெருவில் யார் கூப்பிட்டாலும் கேட்கவில்லை. கட்டி முடித்துவிட்டு, போதும் என்றார். அதற்கப்புறம் அவர் பட்டறைக்கு வரவில்லை, ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

சித்தப்பாவைக் கூப்பிட்டு நடு வரிசையை அறுத்தோம். அவர் அமுக்க, நான் கட்ட. அவர் அமுக்குகிறாரா, ஸ்பிரிங்கின் கழுத்தை நெரிக்கிறாரா தெரியவில்லை, வெட்டைத் தாண்டி அடிவரைக்கும் கொண்டுபோய்விடுகிறார், மெதுவா மெதுவா என்றால் ஒரேயடியாகக் கையை எடுத்துவிடுகிறார், அது துள்ளி என் தாவாங்கட்டையில் அடித்தது. "அண்ணி, ஃபோமா இருந்தா இப்படியா மேல பாயும்" என்கிறார். நான்கு தடவை அறுத்து ஐந்தாம் தடவை ஒருவழியாக வெட்டுக்கு வந்து நின்றது, காலையில் ஆரம்பித்தது விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது. மறுநாளிலிருந்து அவருக்கு ஏதோ ஆபீசில் நாற்பது நாற்காலி வேலை, வர முடியாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் அவரைக் கூப்பிட வாய் வரவில்லை.

போன வாரம் டாக்டரம்மா தடியை ஊன்றிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டார். படுத்தால் அவருக்கு மூச்சு முட்டும், பதினோரு வருஷமாக அந்த நாற்காலியில் சாய்ந்துதான் தூக்கம், இந்த ஆறு மாதமும் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. ஃபோம் வைத்துத் தரட்டுமா, சீக்கிரம் ஆகும் என்று கேட்டேன், வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். "ஃபோம்ல உக்காந்தா நான் உள்ள போயிடுவேன், எந்திரிக்க ரெண்டு பேரு வேணும். ஸ்பிரிங்னா அதுவே என்னைத் தூக்கி விடும். இந்த வயசுல என்னைத் தூக்கிவிடறது அது ஒண்ணுதான்" என்றார். அப்புறம், பொண்ணு பேசுறாளா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் அன்னிக்கே சொன்னேன் என்றார். சொன்னீங்க என்றேன். "ஆமா, சொன்னேன். சொன்னவளுக்குப் பரிசு பிளாஸ்டிக் நாற்காலி" என்று சொல்லிவிட்டுத் தடியைச் சுவரில் சாய்த்து, தள்ளு, நான் அமுக்குறேன் என்று வந்துவிட்டார். பழகிப் பார்க்க மேஜையில் கிடந்த உதிரி ஸ்பிரிங்கைக் கொடுத்தேன், அது எகிறி மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது, குனிந்து தேடிக்கொண்டே அவர் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்தது, அப்பா போனதிலிருந்து அன்றுதான். போகும்போது, இருபத்திநாலாம் தேதி காலையில் லாரி வருகிறது, மூத்த மகன் வீட்டோடு போகிறேன், இனி இந்தப் பக்கம் வர மாட்டேன் என்று சொன்னார். அதற்குள் நாற்காலி அவர் வீட்டில் இருக்க வேண்டும். அப்பா முதல் நாளே அவரிடம், உங்களை நான் சரியா உக்கார வச்சுட்டுத்தான் மறு வேலை என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது, அந்த அம்மா சொல்லித்தான் தெரியும்.

இப்போது மூன்றாவது வரிசைதான் மிச்சம். அதை அறுத்துக் கட்டினால் குறுக்குக் கயிறு ஒரு நாள், சாக்குத்துணியும் குதிரை முடியும் வைத்துத் தைக்க மூன்று நாள், மேல் துணியும் ஆணியும் ஒரு நாள். இது இரண்டு பேர் வேலை, அதனால் வா என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அது முழு உண்மை இல்லை, தேடினால் அமுக்க யாராவது ஒரு ஆள் கிடைப்பார். என்னால் அந்தக் கயிற்றை அறுக்க முடியவில்லை பாப்பா. ஆறு நாளாகக் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு போகிறேன், கயிற்றின் மேல் வைக்கிறேன், எடுத்துவிடுகிறேன். அவர் கை கடைசியாகச் செய்த வேலை அந்த மூன்று முடிச்சும்தான். அது சரியான முடிச்சு. கோணல் என்னுடையது. என்னுடைய கோணலுக்காக அவர் முடிச்சை நான் எப்படி அறுப்பேன். அறுக்காமல் விட்டு மேலே முடியை வைத்து மூடிவிடலாம், யாருக்கும் தெரியாது, டாக்டரம்மா மட்டும் இனி உட்காருகிற நாளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். மூடி வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும்.

அதனால் கேட்கிறேன். நீ வந்து அறு. கார் சீட்டு தைக்கிற கம்பெனியில் லீவு கேட்டால் என்ன சொல்வார்களோ எனக்குத் தெரியாது, அதற்குப் பயந்துதான் உங்க அப்பா வாயை மூடினார், நான் மூட மாட்டேன், கேள், கெஞ்சிக் கேள். அம்மாவைப் பார்க்க வர வேண்டாம், வேலைக்கு வா. ஸ்பிரிங்கை அமுக்க வா. நீ அறுத்துவிட்டு அமுக்கு, நான் கட்டுகிறேன், என் முடிச்சு அவர் முடிச்சு மாதிரி இருக்காது, ஆனால் நிற்கும், நடு வரிசையில் நின்றிருக்கிறது. என்னோடு பேச வேண்டியதில்லை, பேசாமலேயே செய்கிற வேலைதான் அது. பேச வேண்டும் என்று தோன்றினால் திட்டு, அறுக்கும்போது என்னென்ன தோன்றுகிறதோ எல்லாவற்றையும் சொல்லித் திட்டு, நான் கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன். நாற்காலியை லாரியில் ஏற்றிய பிறகு நீ போவதென்றால் போ, இரு என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லத் தோன்றும், சொல்ல மாட்டேன். பதினெட்டாம் தேதி வரை பார்ப்பேன், அதற்கு மேல் தாமதித்தால் தையல் முடியாது. நீ வரவில்லை என்றால் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லிவிடுவேன், ஃபோமே வைக்கட்டும், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. பயமுறுத்தவில்லை, நிஜமாகவே மிச்சமில்லை.

எங்கே இருந்தாலும் உன் கை நன்றாக இருக்கட்டும், ஊசி குத்தாமல், மெஷினில் சிக்காமல், பத்து விரலும் சுகமாக இருக்கட்டும். உங்க அப்பா ஆசீர்வாதமும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா இல்லையா என்று நீயே முடிவு பண்ணிக்கொள். அங்கே குளிர் என்று மில்காரர் வீட்டில் சொன்னார்கள், காதை மூடிக்கொண்டு வெளியே போ. வந்தால் வீட்டுக்குப் போகாதே, அங்கே யாரும் இருக்க மாட்டார்கள், வண்டியை நேராகப் பட்டறைக்கு விடச் சொல், காலை ஏழு மணியிலிருந்து கதவு திறந்திருக்கும். கத்தியைத் தீட்டி மேஜை மேல் வைத்திருக்கிறேன், நீ வருகிற வரைக்கும் அந்தக் கயிற்றை நான் தொட மாட்டேன்.

இப்படிக்கு,
சரியாக அமுக்கத் தெரியாத
உன் அம்மா